ஜன்னல் கண்ணாடியில் எந்தக் கறை, என்ன வைத்தியம்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு

கடலோர வீட்டு ஜன்னலில் படிவது வெறும் தூசி மட்டும் அல்ல. காற்று கொண்டுவரும் கடல் உப்பு, போர் தண்ணீர் விட்டுப்போகும் சுண்ணாம்பு, சமையலறை எண்ணெய் என்று ஏதாவது ஒன்று அதில் கலந்தே இருக்கும். உப்பு வெறும் தண்ணீரில் கரைந்துவிடும். சுண்ணாம்பு போக வேண்டுமானால் புளிப்பு வேண்டும். எண்ணெய் சோப்புக்குத்தான் இளகும். மருந்தை மாற்றிப் போட்டால் அரை நாள் தேய்த்தாலும் கண்ணாடி மங்கலாகத்தான் நிற்கும். அதனால் வாளியைத் தூக்கும் முன் ஐந்து நிமிடம் கறையைச் சோதித்துப் பாருங்கள்.

எது என்ன கறை?

விரலைத் தண்ணீரில் நனைத்துக் கறையின் மேல் தேயுங்கள். உடனே வழுக்கிக்கொண்டு வந்தால் உப்பும் தூசியும்தான். அசையவில்லை என்றால் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். அந்த இடம் மட்டும் மெலிந்து தெளிந்தால் சுண்ணாம்பு. தண்ணீர் தெளித்ததும் பரவாமல் முத்து முத்தாக ஒதுங்கி நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு. நகத்தால் வருடும்போது மேடு தட்டினால் பெயின்ட், சிமென்ட், பசை இவற்றில் ஒன்று. பள்ளமாக நகம் மாட்டினால் அது கறையே இல்லை, கீறல்.

கறை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று தெரியாமல் குழம்புவதும் உண்டு. துடைக்கும்போது உள்பக்கம் மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கம் இடமிருந்து வலமாகவும் இழுங்கள். பிறகு கோடு தெரிந்தால் அதன் திசையே எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

வாளி இரண்டு: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். ஸ்பாஞ்ச் ஒன்று. ரப்பர் வைத்த கண்ணாடி வைப்பர் ஒன்று. நம் வீடுகளில் கிரில் கம்பி குறுக்கே நிற்கும் என்பதால் பெரிய வைப்பர் வாங்கி என்ன பயன்? கம்பி இடைவெளியை அளந்து அதற்குள் நுழைகிற அளவில் வாங்குங்கள், பெரும்பாலும் 15 செ.மீ. போதும். துடைக்க மைக்ரோபைபர் துணி, இல்லையென்றால் பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டித் துணி. துவாலைத் துணி நூல் உதிர்க்கும், வேண்டாம். இவற்றோடு ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், இரண்டு மூன்று ஈர்க்குச்சி. ஈர்க்குச்சி எதற்கு என்பது ஸ்லைடிங் ஜன்னல் பகுதியில் வரும்.

சோப்பு அளவு: 4 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூன். நுரை வரவில்லையே என்று இன்னொரு பீச்சு விடாதீர்கள்.

அறிகுறி: துடைத்து முடித்ததும் கோடு கோடாகத் தெரிகிறது

புதிதாகத் துடைப்பவர்களுக்கு முதலில் வரும் தொல்லை இதுதான். பெரும்பாலும் சோப்பு அதிகமானதுதான் காரணம். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் சோப்பு போகாது, மெல்லிய படலமாக அங்கேயே தங்கும். சோப்பே இல்லாத தண்ணீரில் இரண்டு முறை கழுவி வைப்பரால் இழுத்துப் பாருங்கள். கோடு மறைந்தால் விஷயம் முடிந்தது.

மறையவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலைக் காலை 9 மணிக்குத் துடைத்தால் கண்ணாடி சூடேறியிருக்கும், தண்ணீர் இழுக்கும் முன்பே காய்ந்துவிடும். கிழக்கு ஜன்னலை மாலையிலும் மேற்கு ஜன்னலைக் காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் புறங்கையால் தொட்டு, சூடு தெரிந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

அடுத்தது வைப்பர் ரப்பர். ஒரே இடத்தில் ஒரே கோடு திரும்பத் திரும்ப விழுந்தால் ரப்பர் ஓரத்தில் அந்த இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். விரலை ரப்பர் ஓரமாக ஓட்டினால் தட்டுப்படும். ரப்பரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மறு ஓரம் புதிதாகக் கிடைக்கும். இரண்டு ஓரமும் போனால் ரப்பரை மாற்ற வேண்டியதுதான்.

இழுக்கும் முறையும் முக்கியம். முதலில் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியால் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வைப்பரை அந்த உலர்ந்த இடத்தில் வைத்துத் தொடங்கினால் அது தடுக்காமல் வழுக்கும், மேலிருந்து சொட்டாது. ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துணியில் துடையுங்கள். அடுத்த இழுப்பு முந்தியதன் மேல் 4, 5 செ.மீ. ஏறி வரட்டும். கடைசியில் நான்கு ஓரமும் கீழ்ச்சட்டமும் உலர்ந்த துணியால்.

இவ்வளவுக்கும் பிறகு கோடு வந்தால் துணியைச் சந்தேகப்படுங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரில் அலசிய துணி கண்ணாடியில் மெழுகு தடவியது போல் விடும். கண்ணாடித் துணியைத் தனியாக, வெறும் சோப்பில் துவையுங்கள்.

செய்தித்தாளால் துடைப்பது பற்றி: வேலை செய்யும். ஆனால் வெள்ளை யூபிவிசி சட்டத்தில் மை ஒட்டிக்கொண்டால் அதைத் துடைப்பது தனி வேலை.

அறிகுறி: துடைத்த நாலே நாளில் திரும்ப மங்கல்

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் என்று கடலுக்கு அருகே இருக்கும் வீடுகளில் இது துடைத்தவர் பிழை இல்லை. அலை உடையும்போது எழும் திவலை காற்றில் வந்து கண்ணாடியில் காய்ந்து உப்பாகிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கசியும். நம் ஊரில் விடியற்காலையில் அந்த ஈரப்பதம் சர்வசாதாரணம். கசிந்த உப்பில் தெருப்புழுதி ஒட்டும், வெயில் ஏறியதும் இரண்டும் சேர்ந்து இறுகும். நாலு நாளில் மங்குவது இப்படித்தான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு உலர்ந்த துணியால் தேய்ப்பது. அந்தப் படலத்தில் கடற்கரை மணல் துகளும் இருக்கும். மணல் கண்ணாடியைக் கீறும், கீறல் போகாது. முதலில் தண்ணீர், அதன் பிறகே துணி. தெளிப்பானில் வெறும் தண்ணீரை மேலிருந்து வழியும் அளவுக்கு அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அடித்து, வைப்பரால் இழுத்தால் போதும். சோப்பே தேவையில்லை. கடல் பக்க ஜன்னலுக்கு வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். சோப்புப் போட்டு முழுமையாகக் கழுவுவது மாதம் ஒருமுறை இருந்தால் சரி. வில்லியனூர் மாதிரி உள்ளே தள்ளிய இடங்களில் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

கொசு வலையையும் மறக்காதீர்கள். வலையில் தங்கிய உப்பும் புழுதியும் முதல் மழையிலேயே கரைந்து கண்ணாடியில் வழியும். வலைச் சட்டத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு இரண்டு பக்கமும் தேய்த்து, நிழலில் காயவைத்த பிறகு மாட்டுங்கள். நிமிர்த்தி வைத்து அழுத்தினால் வலை தொங்கிப்போகும்.

அறிகுறி: வெள்ளைப் புள்ளி, தண்ணீர் வழிந்த தடம்

இது போர் தண்ணீரின் வேலை. செடிக்கு ஊற்றும்போதும் வாசல் தெளிக்கும்போதும் தெறித்த நீர் காய, அதிலிருந்த சுண்ணாம்பு நின்றுவிடுகிறது. சோப்பு இதை அசைக்காது.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். வினிகர் இல்லையென்றால் அரை லிட்டர் வெந்நீரில் எலுமிச்சை உப்பு ஒரு டேபிள்ஸ்பூன். கண்ணாடியில் தெளித்தால் வழிந்து ஓடிவிடும் என்பதால், டிஷ்யூ காகிதத்தையோ மெல்லிய துணியையோ அதில் நனைத்துப் புள்ளிகளின் மேல் ஒட்டுங்கள். 10 நிமிடம் கழித்து எடுத்து, ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய கறை இரண்டு மூன்று தடவை கேட்கும். அதற்காக ஊறவிடும் நேரத்தை ஒரு மணி நேரமாக்க வேண்டாம், அலுமினியச் சட்டம் நிறம் மங்கும்.

ஜன்னல் அடிக்கல் என்ன கல் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மூன்றையும் புளிப்பு அரிக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் பளபளப்புப் போன வட்டம் நிற்கும். அந்தக் கல் இருந்தால் மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் பழந்துணி போட்ட பிறகே வினிகரைத் திறக்க வேண்டும்.

டாய்லெட் கழுவும் ஆசிட் வேகமாக எடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். எடுக்கும்தான், கூடவே அலுமினியத்தின் மேல்பூச்சையும் எடுக்கும். அதன் ஆவி பட்டே கிரில் கம்பி துருப்பிடிக்கும். பச்சை நாரும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் அதே ரகம், கண்ணாடிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

மூன்று தடவை புளிப்பு வைத்தும் அந்தப் புள்ளி ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிகிறதா? சுண்ணாம்பு போய்விட்டது, கண்ணாடியே அந்த இடத்தில் அரித்திருக்கிறது. சீரியம் ஆக்சைடு பவுடரைக் குழைத்துப் பாலிஷ் போட்டால் ஓரளவு தெளியும். அதைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

புள்ளி திரும்ப வராமல் இருக்கக் கடைசி அலசும் தண்ணீரை மாற்றினால் போதும். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்து வைத்திருப்பீர்கள். அதைக் கண்ணாடிக்கு மட்டும் எடுக்காதீர்கள், போரிலிருந்து வந்ததைவிட அதில் உப்பு அதிகம். ஏசி குழாயில் சொட்டும் நீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. துணியில் வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், திறந்த வாளியில் நிறுத்தி வைத்தால் டெங்கு கொசு முட்டையிடும். மழைநீரும் இதே போல் நல்லது, மொட்டை மாடி கழுவி ஓடிய முதல் மழை தவிர.

அறிகுறி: ஸ்லைடிங் ஜன்னல் கரகரக்கிறது, மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: கீழ் டிராக்கில் தேங்கிய மண். ஐப்பசி, கார்த்திகை மழை சாய்ந்து அடிக்கும்போது டிராக்கில் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்காகவே டிராக்கின் வெளிப்பக்க ஓரத்தில் சின்ன நீள்துளைகள் விட்டிருப்பார்கள். அந்தத் துளை அடைத்தால் தண்ணீர் வேறு வழியில்லாமல் ஹாலுக்குள் வழியும். எறும்பு வருகிறது என்று சிலிகான் வைத்துத் துளையை அடைத்த வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் ஜன்னலையே மாற்றினாலும் ஒழுகல் நிற்காது.

வேலையைக் காய்ந்த நிலையில் தொடங்குங்கள். தண்ணீர் ஊற்றினால் மண் சேறாகித் துளைக்குள் போய் உட்காரும். பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணை ஒரு மூலைக்குத் தள்ளி, வாக்குவம் இருந்தால் உறிஞ்சுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மூலையில் இறுகியதை டூத் பிரஷ் எடுக்கும். பிறகு ஈர்க்குச்சியை உள்ளிருந்து வெளியே துளையில் விட்டுக் குடையுங்கள். கம்பி விட்டால் அலுமினியப் பூச்சு கீறும், ஈர்க்குச்சி வளைந்து கொடுக்கும். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளியே வடிந்துவிட வேண்டும். நின்றால் இன்னொரு துளை அடைத்திருக்கிறது.

சுத்தம் செய்த பிறகும் கதவு கனத்தால் தேங்காய் எண்ணெய் விடத் தோன்றும். எண்ணெயில் மண் ஒட்டி ஒரே மாதத்தில் பசையாகிவிடும். சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து டிராக்கில் துடைத்தால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் உருளை தேய்ந்திருக்கும். கதவைத் தூக்கிக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், தனியாளாக முயல வேண்டாம்.

அறிகுறி: பசைத் தடம், டேப் கோடு

புயல் எச்சரிக்கை வந்தால் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டும் பழக்கம் இங்கே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் கரைகடந்த ஊர்கள் இவை, பயம் நியாயமானது. ஆனால் டேப் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. மிஞ்சுவது வெயிலில் வெந்த பசை மட்டும்.

பசையின் மேல் தேங்காய் எண்ணெய் அல்லது மண்ணெண்ணெய் தடவி 15 நிமிடம் விடுங்கள். காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரே திசையில் தள்ளினால் சுருண்டு வரும். மண்ணெண்ணெய் வைத்தால் அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் கூடாது, மீதியைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணாடியில் சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயும் வேண்டாம், அம்மோனியா கலந்த ஸ்ப்ரேயும் வேண்டாம், பிலிம் உரியும் அல்லது நிறம் போகும். அங்கே மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும்.

அறிகுறி: பெயின்ட், சிமென்ட் திட்டு

சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். காரத்தன்மை கண்ணாடியை மெல்ல அரிக்கும். காய்ந்துவிட்டால் வினிகர்த் துணியை 15 நிமிடம் ஒட்டி, கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, புது பிளேடை 30 டிகிரி சாய்வில் வைத்து முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கோடு போடும். பெயின்ட்டுக்கு வினிகர் வேண்டாம், வெறும் சோப்புத் தண்ணீரும் பிளேடும். மூலையில் டஃபண்ட் (Toughened, உறுதியாக்கிய கண்ணாடி) என்று முத்திரை உள்ள கண்ணாடிக்குப் பிளேடு போடாதீர்கள்.

அறிகுறி: சமையலறை ஜன்னலில் மஞ்சள் பிசுக்கு

நீல நிற ஸ்ப்ரே இதைப் பரப்புமே தவிர எடுக்காது. இங்கே மட்டும் சோப்பு அளவு கூடலாம்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன். தடவி 5 நிமிடம் விட்டு, இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இறகிலும் இதே பிசுக்கு இருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

அறிகுறி: கிரில்லிலிருந்து துரு வழிந்த கோடு

கண்ணாடியில் வழிந்த துருவுக்கு மேலே சொன்ன எலுமிச்சை உப்புக் கரைசல் போதும். கம்பியைக் கவனிக்காவிட்டால் அடுத்த மழையில் மறுபடி வழியும். எமரி தாளால் துருவைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, காய்ந்ததும் எனாமல் இரண்டு பூச்சு. கம்பியில் உப்பு ஒட்டியிருக்கும்போது பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளிக்கும், அதனால் முந்தின நாளே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். புரட்டாசிக்குள் முடித்தால் மழைக்கு முன் பூச்சு இறுகிவிடும்.

அறிகுறி: ரப்பரிலும் சட்டத்திலும் கறுப்புப் புள்ளி

பூஞ்சை. ரப்பருக்கு ஒரு பங்கு ப்ளீச் திரவம், பத்துப் பங்கு தண்ணீர், கையுறை போட்டுத் தடவி 10 நிமிடத்தில் கழுவுங்கள். அன்றைக்கு வினிகரும் டாய்லெட் ஆசிடும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. ப்ளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மரச்சட்டத்துக்கு ப்ளீச் வேண்டாம், சோப்புத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். புதுச்சேரி பழைய வீடுகளின் மர ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருப்பது மக்கு (புட்டி). அது வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் உளுத்துப்போகும். அங்கே கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள்.

அறிகுறி: பாத்ரூம் லூவர் கண்ணாடி வெளுத்துப்போயிருக்கிறது

சோப்பும் போர் தண்ணீரும் சேர்ந்த படிவு. மாட்டிய நிலையில் தேய்த்தால் முழுதாகப் போகாது. கிளிப்பை விலக்கி ஒவ்வொரு பட்டையாக உருவி, வாளியில் வினிகர்க் கரைசலில் 20 நிமிடம் போட்டு, டூத் பிரஷ்ஷால் சொரசொரப்புப் பக்கத்தைத் தேயுங்கள். பட்டையின் ஓரம் தீட்டாத கண்ணாடியாக இருந்தால் கையை அறுக்கும், கையுறை வேண்டும்.

அறிகுறி: காலையில் வெளிப்பக்கம் முழுக்கப் பனி

ஏசி அறைக் கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் ஈரம் அதில் படிகிறது. துடைத்தாலும் பத்து நிமிடத்தில் வரும். ஏசியை 26 டிகிரிக்கு ஏற்றி, காற்று கண்ணாடி மேல் நேராக அடிக்காமல் திருப்பிவிட்டால் குறையும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் நடுவே பனி நின்றால் ஓரத்து சீல் விட்டிருக்கிறது. அதை எந்தத் துணியாலும் எட்ட முடியாது, அந்தக் கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாடி ஜன்னலின் வெளிப்பக்கம் கைக்கு எட்டவில்லை என்றால்

சன்ஷேடில் இறங்கி நிற்காதீர்கள். அது மழையை மறைக்கப் போட்டது, ஆள் நிற்க அல்ல. மேலே பாசியும் இருக்கும். இரண்டு மூன்று கதவு உள்ள ஜன்னலாக இருந்தால் ஒரு கதவைத் திறந்து, அந்த இடைவெளி வழியாக கிரில்லுக்குள் கைவிட்டு அடுத்த கதவின் வெளிமுகத்தைத் துடைக்கலாம். வைப்பரின் பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் கீழே நடந்து போகிறவர் தலையில் விழாது. அதற்கும் எட்டாத இடத்துக்கு நீட்டும் கோல் இருக்கிறது. மின்கம்பி பக்கத்தில் ஓடினால் அலுமினியக் கோலை எடுக்காதீர்கள், அந்த ஜன்னலை அப்படியே விட்டுவிடுங்கள்.